வினைமுதல் இல்லாத நோய்: ஜனக்புரியின் குழாய்நீரும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும்

நீர்வழி நோய்கள் பெருகும் ஒவ்வொரு பருவத்திலும் நாளிதழ்களிலும் அரசு அறிவிக்கைகளிலும் மூன்று வகை வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ‘குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது.’ ‘குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது.’ ‘தாய்மார்கள் குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.’ முதல் வாக்கியத்தின் எழுவாய் கழிவுநீர். அது தானே வந்து தானே கலந்திருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் குழந்தை நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. நோய் அதற்கு ‘ஏற்பட்டு’ விடுகிறது. மூன்றாம் வாக்கியத்தில்தான் முதன்முதலாக ஒரு மனிதர் எழுவாயாக வருகிறார். அவர் தாய். அவருக்குரிய வினைமுற்று ‘வேண்டும்’ என்னும் கடப்பாட்டோடு முடிகிறது.

மூன்று வாக்கியங்களையும் சேர்த்து வாசிப்பவர் மனத்தில் எஞ்சுவது ஒன்றே: இந்நோயில் ஏதேனும் செய்யக் கடமைப்பட்ட ஒரே மனிதர் தாய். குழாயைப் பதித்தவர், அதன் ஆயுள் முடிந்த பின்னும் மாற்றாதவர், நீரைச் சோதிக்காதவர், சோதித்தும் முடிவை மறைத்தவர் ஆகிய எவரும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. தமிழ் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஆங்கில அறிக்கை செயப்பாட்டு வினையைக் கொண்டும் இந்தி அறிக்கை ‘ஹோ கயா’ என்ற முடிவைக் கொண்டும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே குற்றம் மொழியின்மேல் இல்லை. மொழி தரும் வாய்ப்பை நிர்வாகமும் ஊடகமும் ஆய்வுலகமும் ஒரே திசையில் பயன்படுத்துவதில் இருக்கிறது.

ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதல்நிலைகளாகத் தொல்காப்பியம் எட்டினைக் கூறுகிறது. செயல், அதைச் செய்பவர், செயப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காகச் செய்யப்படுகிறது, அதனால் விளையும் பயன் என அவற்றை இன்றைய சொற்களில் விளக்கலாம். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைப் பேதி குறித்த எந்த அரசு அறிக்கையையும் வாசித்துப் பார்க்கலாம். இடம் வார்டு எண்ணோடு இருக்கும். காலம் மாதவாரியாக இருக்கும். கருவியாகப் பாக்டீரியாவின் பெயர் இருக்கும். நோயுற்ற குழந்தைகளின் எண்ணிக்கை வயதுவாரியாக இருக்கும். எட்டில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும்: செய்பவர்.

டெல்லியின் ஜனக்புரி இதற்குத் தெளிவான சான்று. மேற்கு டெல்லியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்ட பிளாக்குகள், பூங்காக்கள், வணிக வளாகம், மெட்ரோ நிலையங்கள், அரசு மருத்துவமனை என்று ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பம் எதிர்பார்க்கும் எல்லாம் அங்கு உண்டு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அரசுப் பணிக்காக வடக்கே சென்ற தமிழ்க் குடும்பங்களின் இரண்டு தலைமுறைகள் அப்பகுதியில் வளர்ந்திருக்கின்றன. 2025ஆம் ஆண்டில் ஜனக்புரியின் ஏ பிளாக் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. வீட்டுக் குழாயில் வரும் குடிநீரில் சாக்கடை நீர் கலந்து வருகிறது என்பது முறையீடு. எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளில் ஈ. கோலை பாக்டீரியா கண்டறியப்பட்டது. பல பத்தாண்டுகள் பழமையான குழாய்களே காரணம் என்பதும், அவற்றை மாற்றும் பணி முடியவில்லை என்பதும் வழக்கில் வெளிப்பட்டன. டெல்லி நீர் வாரியம் தீர்ப்பாயத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) இதில் இடைவெளி எதையும் விடவில்லை. எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் ஈ. கோலை கண்டறியப்படவே கூடாது. ‘அனுமதிக்கத்தக்க அளவு’ என்ற ஒன்று அதற்கு இல்லை. ஈ. கோலை மனிதரின், விலங்குகளின் குடலில் வாழ்வது. குழாய்நீரில் அது இருப்பதற்கு ஒரே பொருள், மலம் கலந்திருக்கிறது என்பதே. அந்த வகைகளுள் பல தீங்கற்றவை எனினும், அது வந்த வழியாகவே ரோட்டா வைரஸும் ஷிகெல்லாவும் டைபாய்டுக் கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸ்களும் வரும்.

ஜனக்புரியைச் சான்றாகக் கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. குழந்தைப் பேதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘விழிப்புணர்வின்மை’. எழுத்தறிவு இல்லாத தாய், சுகாதாரமற்ற குடிசை, கழுவாத கை என்ற சித்திரம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஜனக்புரியில் அந்தச் சித்திரம் பொருந்தவில்லை. பட்டம் பெற்ற தாய்மார், கழிப்பறையுள்ள வீடுகள், சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. கருவிகள், நடந்து செல்லும் தொலைவில் குழந்தை மருத்துவர் என எல்லாம் இருந்தும் மலம் கலந்த நீர் குழாயில் வந்தது. கை கழுவுவதற்கே அந்த நீர்தான். பால் புட்டியைக் கழுவுவதும், காய்கறியை அலசுவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அந்த நீரில்தான். ‘கைகளை நன்றாகக் கழுவுங்கள்’ என்ற அறிவுரை, எதைக் கொண்டு கழுவுவது என்ற கேள்வியை அங்கே தவிர்க்க முடியாததாக்கிவிட்டது. அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வரும் பெண்களின் சொந்த வீடுகளில் ஆர்.ஓ. கருவியும் இல்லை. நலச் சங்கம் உள்ள பிளாக் தீர்ப்பாயத்துக்குப் போக முடிந்தது; சங்கமோ வழக்கறிஞரோ இல்லாத குடியிருப்பின் குழாயில் என்ன வருகிறது என்று எவரும் கேட்பதில்லை.

‘கலந்துவிட்டது’ என்ற சொல் எதை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லியின் பெரும்பகுதிகளில் குழாய்நீர் நாள் முழுதும் வருவதில்லை. காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறந்துவிடப்படுகிறது. நீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்; விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நீர் நிறுத்தப்பட்டவுடன் அழுத்தம் வீழ்கிறது. அப்போது சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரம் அதே விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அருகிலேயே செல்லும் சாக்கடைக் குழாயும் பழையது, அதுவும் கசிகிறது என்றால் உள்ளே வருவது சாக்கடை. போதிய அழுத்தத்தில் நீர் வராததால் வீடுகள் ‘டுல்லு பம்ப்’ எனப்படும் சிறு மோட்டாரைக் குழாயில் நேரடியாக இணைத்து உறிஞ்சுகின்றன. அந்த உறிஞ்சல் அடுத்த வீட்டுக்கான குழாயிலும் அழுத்தத்தைக் குறைத்து, மேலும் சாக்கடையை உள்ளிழுக்கிறது. இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முடிவு இருக்கிறது. குழாயை மாற்ற நிதி ஒதுக்காமை ஒரு முடிவு. குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் நெருக்கிப் பதித்தது ஒரு முடிவு. இடைவிட்டு நீர் வழங்குவது ஒரு முடிவு. முடிவு என்றால் முடிவெடுத்தவர் உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட ஒரு வாரியம், அதற்கென ஒரு தலைமை, பொறியாளர்கள், ஆய்வகங்கள் உள்ள நகரத்தில் கழிவுநீர் ‘தானாக’ எதையும் செய்வதில்லை.

2025 டிசம்பர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில், பகீரத்புரா பகுதியில் இதே தொடர் உயிர்களைக் குடித்தது. தூய்மைக்கான தேசியத் தரவரிசையில் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்ற நகரம் அது. குடிநீர்ப் பெருங்குழாயின் மேலேயே கட்டப்பட்டிருந்த ஒரு கழிப்பறையும் அதன் கீழிருந்த கசிவும் காரணமாகச் சுட்டப்பட்டன. இறந்தோருள் சில மாதமே ஆன கைக்குழந்தையும் உண்டு. அதற்குப் பாலில் குழாய்நீர் கலந்து கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அச்செய்தியை வாசித்தவர்களுள் எத்தனை பேர் முதலில் ‘ஏன் காய்ச்சாமல் கொடுத்தார்கள்?’ என்று கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். கழிப்பறையை அங்கே கட்டியவர் யார் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும், அதுவும் வந்தால்.

இனி, அந்தத் தாய் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அறிவுரைகள் அவரை ஒன்றும் அறியாதவராகக் கற்பிக்கின்றன. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிற்றுப்போக்கை ஓர் இரவு முழுதும் கவனிப்பது துல்லியமான வேலை. ஒரு பாக்கெட் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியை அதில் குறித்துள்ள அளவு நீரில், கூட்டாமல் குறைக்காமல் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து ஆபத்தாகும். கூடினால் பயன் குறையும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், பேதி நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்குமாறு இந்தியத் திட்டம் சொல்கிறது. பேதியை உடனே ‘நிறுத்தும்’ மாத்திரைகளைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே அவர் கண்காணிக்கவும் வேண்டும். கண்கள் குழிவிழுகின்றனவா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா, சிறுநீர் குறைகிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, மலத்தில் இரத்தம் தெரிகிறதா, குழந்தை துவண்டு குடிக்க மறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இவ்வளவையும் செய்பவரின் இரவு எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினரைப் பராமரிக்கும் ஊதியமற்ற பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 137 நிமிடங்களையும் ஆண்கள் 75 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். குழாயை மாற்றாமல் மிச்சம் பிடித்த பணம் அந்த நிமிடங்களிலிருந்துதான் வசூலாகிறது. காய்ச்சும் எரிவாயு, ஆர்.ஓ. வடிகட்டி, தண்ணீர்க் கேன், மருத்துவர் கட்டணம், இழந்த நாள் கூலி ஆகியவை அதன்மேல் வட்டி.

கல்விப்புலம் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, வீட்டு அறிவியல் ஆகிய துறைகளில் குழந்தைப் பேதி குறித்து எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு வகை மிகப் பழகியது: ‘ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரிடையே வயிற்றுப்போக்குப் பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை.’ வினாநிரல் தயார், மாதிரி தயார், புறநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கும் தாய்மார் எளிதில் கிடைக்கும் தரவு. முடிவும் முன்பே தயார்: அறிவு போதவில்லை, விழிப்புணர்வு தேவை. இந்த வகை ஆய்வுகளால் பயனே இல்லை என்பதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 60.6 விழுக்காட்டினருக்கே கரைசலும் 30.5 விழுக்காட்டினருக்கே துத்தநாகமும் கிடைத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் குறிப்பின்படி, உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 லட்சம் பேர் இந்நோயால் இறக்கிறார்கள். இந்த இடைவெளியை ஆராயத்தான் வேண்டும். கேள்வி, அளவுகோல் ஏன் ஒருவர் பக்கமே நீட்டப்படுகிறது என்பது. நீர் வாரியப் பொறியாளரிடையே குடிநீர்ப் பாதுகாப்புப் பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று ஓர் ஆய்வேடு எங்கே? மருந்துக் கடைக்காரர் ஏன் துத்தநாகத்தை எடுத்துக் கொடுப்பதில்லை என்பதற்கு எத்தனை ஆய்வேடுகள்? மாதிரி நீரின் சோதனை முடிவு குடியிருப்போரைச் சென்றடைய எத்தனை நாள் ஆகிறது என்பதை அளந்த முனைவர் பட்ட மாணவர் எத்தனை பேர்?

1854ஆம் ஆண்டு லண்டனில் பிராட் தெருக் குழாயடியைச் சுற்றிக் காலரா பரவியபோது, அதன் தொடக்கம் ஒரு கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கு என்று பின்னர் தெரியவந்தது. அக்குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றினார். குழியின் செங்கற்கட்டு சிதைந்திருந்தது. கழிவு பக்கத்துக் கிணற்றை அடைந்தது. ஜான் ஸ்நோவும் ஹென்றி வைட்ஹெட்டும் தாயின் மனப்பான்மையை அளந்திருந்தால் பொதுச் சுகாதார வரலாற்றில் அந்தத் தெருவின் பெயரே இருந்திராது. அவர்கள் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள், நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று வீடு வீடாகக் கேட்டார்கள், கிணற்றையும் குழியையும் தேடிப் போனார்கள். ஆய்வின் திசை வீட்டிலிருந்து குழாயை நோக்கிச் சென்றது. இன்றைய ஆய்வேடுகளில் அது குழாயடியில் தொடங்கும்போதும் வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

தாய்க்கு இடப்படும் கட்டளைகளின் நேர்மையின்மையை இன்னொரு நிகழ்வும் காட்டுகிறது. ‘ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்’ என்று நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் கடைக்குச் சென்று அந்த மூன்றெழுத்தைக் கேட்டார். கடையில் அதே எழுத்துகளைப் பெயரில் ஏந்திய, பழச்சுவையூட்டிய இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டியில் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸும் சோடியமும் குடற்சுவரில் இணைந்தே உறிஞ்சப்படும். அவற்றின் பின்னே நீர் செல்லும். இந்த விகிதம்தான் மருந்து. பழச்சுவைப் பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். அந்த அளவுச் சர்க்கரை குடலிலிருந்து நீரை உடலுக்குள் அனுப்புவதற்கு மாறாக, உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும்.

ஐதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் தனித்துப் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2022 ஏப்ரலில் அப்பெயரைத் தடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் தளர்த்தியது. தளர்த்திய முறைதான் மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் கருதத்தக்கது. பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கலாம். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற குறிப்பு உடன் இருந்தால் போதும். ஒரே அட்டையில் பெயர் ஒன்றை உறுதிப்படுத்துகிறது. குறிப்பு அதையே மறுக்கிறது. பெயர் எல்லா மொழியினரும் கேட்டு வாங்கும் ஒலி. மறுப்போ ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும், அதுவும் பகலில், கண்ணருகே பிடித்தால். அழுகின்ற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் மருந்துக் கடையில் நிற்பவருக்கு அது எழுதப்படவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. உற்பத்தியாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். ஒரு நிறுவனத்தின் மனுவில் தலையிட அம்மாத இறுதியில் நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு. ஆனால் இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கும் மேலான காலத்தில் தவறான அட்டையை வாங்கிய தாய் ‘அறியாமை’ப் பட்டியலில்தான் எண்ணப்பட்டிருப்பார். அனுமதி வழங்கிய கையெழுத்து எந்தப் பட்டியலிலும் வராது.

இங்கே பெயரிடலின் பொறுப்பும் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற ஆங்கிலக் குறுக்கம் தமிழிலோ இந்தியிலோ தன் பொருளை வெளிக்காட்டாது. பொருள் வெளிப்படாத பெயரைத் திருடுவது எளிது. எந்தப் பானத்தின்மேலும் ஒட்டலாம். ‘உப்பு சர்க்கரைக் கரைசல்’ என்ற தமிழ்ப் பெயர் தன் உள்ளடக்கத்தைத் தானே சொல்கிறது. உப்பே முதற்சொல்லாக உள்ள அந்தப் பெயரை ஆப்பிள் சுவைப் பானத்தின்மேல் ஒட்டுவது கடினம். இந்தியில் வழங்கும் ‘ஜீவன் ரக்ஷக் கோல்’, அதாவது உயிர் காக்கும் கரைசல், பயனைச் சொல்கிறது. மக்கள் மொழியில் பெயரிட்டிருந்தால் வணிகத்தின் ஏமாற்று முற்றிலும் நின்றிருக்கும் என்று கூற முடியாது. இவ்வளவு எளிதாக நடந்திராது என்று கூறலாம்.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு நியாயமான தடை எழுப்பப்படும். குழாயை மாற்ற ஆண்டுகள் ஆகும்; குழந்தைக்கு இன்றிரவு பேதியாகிறது; காய்ச்சிய நீரும் கழுவிய கையும் கரைசலும் இன்றே உயிரைக் காக்கும்; பொறுப்பை அரசின்மேல் சுமத்தும் வாதம் தாயைச் செயலற்றவராக்கிவிடாதா? தடையின் முதற்பகுதி முற்றிலும் உண்மை. காய்ச்ச வேண்டாம், கழுவ வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பிற்பகுதி வரலாற்றுக்கு எதிரானது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரம் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். முகாமில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவர் குழுவின் பராமரிப்பில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. தாய்மாரால் இதைச் செய்ய முடியும் என்று நம்பியதே அந்த வெற்றியின் ஒரு பாதி. மறுபாதி, பொடியைச் சரியான அளவில் கலந்து பாக்கெட்டாக்கி அவர்கள் கைக்கு அனுப்பிய நிறுவனம். அங்கே தாயும் வினைமுதல், நிறுவனமும் வினைமுதல்.

தடுப்பூசியும் அவ்வாறே. 1980களின் நடுப்பகுதியில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட 116ஈ என்ற ரோட்டா வைரஸ் வகையிலிருந்து, மஹாராஜ் கிஷன் பான் முதலியோரின் நெடிய உழைப்பால் உள்நாட்டுத் தடுப்பூசி உருவாயிற்று. 2016இல் ரோட்டா வைரஸ் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ‘அரசு தடுப்பூசி வழங்குகிறது’ என்று எழுவாயோடு சொல்ல அங்கே எவரும் தயங்குவதில்லை. பாராட்டு வரும் இடத்தில் எழுவாய் தெளிவாக இருக்கிறது. பழி வரும் இடத்தில்தான் அது மறைகிறது. அத்தடுப்பூசியும் ரோட்டா வைரஸை மட்டுமே தடுக்கும். குழாயில் வரும் மற்றவற்றுள் பலவற்றுக்கு ஊசியும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. குழாயை மாற்றுவதே மருந்து.

மாசற்ற நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே கூறிவிட்டது. உரிமை என்று ஒன்று இருந்தால் அதை நிறைவேற்றும் கடமை ஒருவருக்கு இருக்க வேண்டும். ஆகவே கோரிக்கைகள் எளியவை. நீர்க் கட்டணத்தை அலைபேசிக்கு அனுப்பத் தெரிந்த வாரியம், பிளாக்வாரியான நீர்ச் சோதனை முடிவையும் அதே அலைபேசிக்கு, குடியிருப்போர் பேசும் மொழிகளில், முடிவு வந்த நாளிலேயே அனுப்ப வேண்டும். மாசு உறுதியானால் அன்றே மாற்று நீர் லாரியில் வர வேண்டும். வீட்டார் வழக்குத் தொடுத்த பிறகு வரக் கூடாது. ஒவ்வொரு குழாய்த் தொடருக்கும் பதித்த ஆண்டும் மாற்ற வேண்டிய ஆண்டும் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். துத்தநாகமும் கரைசலும் அங்கன்வாடியிலும் மருந்துக் கடையிலும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு இன்னும் எளிய ஒன்று. அடுத்த ஆய்வேட்டின் முதல் பக்கத்தை எழுதும்போது ‘ஏற்பட்டது’, ‘கலந்தது’, ‘பரவியது’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, செய்பவர் யார் என்று கேட்க வேண்டும். விடை தெரிந்தால் எழுத வேண்டும். தெரியவில்லை என்றால், அந்த விடையைக் கண்டறிவதே ஆய்வாக வேண்டும். தாய்மாரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் போதுமான அளவு கேட்கப்பட்டுவிட்டன. நீர் வாரியத்தின் வாயிலில், உணவுத் தர ஆணையத்தின் வாயிலில், ஒப்பந்ததாரரின் கோப்பில் கேட்க வேண்டியவை இன்னும் வினாநிரலாகவே எழுதப்படவில்லை.